பரிவட்டம் கட்டாத வீடு

மெல்போர்ன் வீட்டில் கணப்புக்கு மேலே அப்பா ஒரு வாளை மாட்டியிருந்தார். வெள்ளிப் பூண் போட்ட கைப்பிடி. எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் அதன் கதையைக் கேட்காமல் காப்பி குடித்ததில்லை. அப்பாவின் பாட்டனாருக்குப் பாட்டனார், எங்கள் பாளையக்காரரோடு காட்டில் மறைந்திருந்து கும்பினிப் படையை எதிர்த்தவர். அது அவர் வாள். அடுத்த வீட்டுக் கிழவிக்கும் ஒரு முப்பாட்டன் இருந்தான். லண்டனில் துணி திருடி, விலங்கோடு டாஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவன். அவள் குடும்பம் தலைமுறைகளாக மூடி வைத்திருந்ததை அவள் நூலகத்தில் தேடிப்பிடித்து, எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். "திருடன் பேத்திக்கு வந்த பெருமையப் பாரு" என்று அப்பா எங்களிடம் தமிழில் முணுமுணுப்பார்.

ஒரு பொங்கலுக்கு சிட்னியிலிருந்து ஒரு டாக்டர் சாப்பிட வந்தார். எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். வாளை இறக்கிப் பார்த்தவர், விளிம்பில் விரலை ஓட்டினார். ஒரு கீறல் இல்லை.

"அண்ணாச்சி, ஊர்ல பாதி நெலம் உங்களுக்கு. ஆனா கோயில் கொடையில உங்க வீட்டாளுக தலையில மட்டும் பரிவட்டம் கட்றதில்லையே, ஏன்?"

"அது நாங்களா விட்டுக்கொடுத்த மரியாத."

"எங்க ஊர்ல வேற மாதிரி சொல்லுவாக. பாளையக்காரரக் காட்டிக் கொடுத்த வீட்டுக்குக் கட்ட மாட்டாகளாம். வாளும் நெலமும் தொரை கொடுத்த வெகுமதியாம்."

"பாயசம் ஆறிரும், சாப்பிடுங்க" என்றார் அப்பா.

அவர் முகத்தில் அதிர்ச்சி தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபம்கூட இல்லை. மாட்டிக்கொண்டவரின் முகம் அது. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பள்ளியில் அதே கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவள் நான்.

மறுவாரம் கிழவி தன் தங்கையை வாள் பார்க்க அழைத்து வந்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. துருப்பிடிக்கிறது, கழற்றி வைத்துவிட்டேன் என்றார் அப்பா. அப்படிப்பட்ட வீரரின் வாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அவள் உண்மையான அக்கறையோடு சொன்னாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அப்பா சாகும்வரை அந்த வாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அது என் அலமாரியில், அப்பாவின் பழைய வேட்டிக்குள் இருக்கிறது. போன மாதம் பேரன் அதைக் கண்டுபிடித்து, இதை வைத்திருந்தவர் யாரோடு சண்டை போட்டார் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"யாரோடயும் இல்லப்பா. நம்பி ஒளிஞ்சிருந்தவரைக் காட்டிக் கொடுத்ததுக்குக் கிடைச்ச கூலி."

அந்தக் கிழவியைப் போலச் சிரித்துக்கொண்டே சொல்லத்தான் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.