அப்பாவின் வலது தோள்

லண்டன் இல்ஃபோர்ட் பார்க்கில் மகள் கிரிக்கெட் பந்தை வெள்ளைக் காற்சட்டையில் தேய்த்தாள். அந்தச் சிவப்புக் கறையைக் கண்டதும் யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அப்பா ஊர்க் கழகத்தின் வேகப்பந்து வீச்சாளர். "விக்கெட் எடுக்கிறது இவர், முறியிறது என்ர கை" என்று அம்மா முணுமுணுத்தபடி சவர்க்காரம் போட்டுக் கறையைத் தேய்ப்பா. கறை பெரிசென்றால் விக்கெட்டும் கூட என்பது என் எண்ணம்.

ஒருநாள் சட்டை, காற்சட்டை எல்லாம் சிவந்து வந்தார். "எத்தினை விக்கெட் அப்பா?" என்று துள்ளினேன். அவர் சட்டையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார். அம்மா அன்றைக்கு முணுமுணுக்காமல் தோய்த்தா. "தோள் விட்டிட்டுது" என்று சொல்லி, அதற்குப்பிறகு அப்பா பந்தைத் தொடவில்லை. ஞாயிறு தவறாமல் அந்தத் தோளுக்கு நல்லெண்ணெய் தேய்ப்பது என் வேலையாயிற்று.

"இந்தப் பிள்ளை பந்து போட ஓடி வாற விதம் எனக்குத் தெரியும். ஆரின்ர பேத்தி?" பக்கத்துக் கதிரையில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முதியவர்.

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண் இருக்கவேண்டிய இடம் குழிந்து மூடிக் கிடந்தது.

"உம்மட அப்பா போட்ட கடைசிப் பந்து, பிள்ளை."

நான் இடைமறித்தேன். "அப்பா தோள் விட்டதாலதானே பந்து போடுறதை விட்டவர்?"

"தோளோ? ரத்தம் ஒழுக ஒழுக என்னை ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினது அந்தத் தோள்தான். அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை."

ஒன்றும் நடக்காத அந்தத் தோளுக்குத்தான், நான் கலியாணம் கட்டிப் போகும்வரை எண்ணெய் தேய்த்தேன். தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அப்பா நோவில் முனகினார்.