கோர்ட் சீனைக் காணோம்

சினிமா ஆபரேட்டர் வேலையில் படம் ஓடினால் நடிகருக்குக் கைதட்டல், அறுந்தால் நமக்குத் திட்டு. இந்தத் தொழிலில் மாட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எமர்ஜென்சி சமயம். காஞ்சிபுரத்தை ஒட்டி ஓரிக்கைப் பக்கம் எங்கள் டூரிங் கொட்டகையில், வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரிகைக்காரர்களைப் பற்றி ஒரு படம் போட்டிருந்தோம்.

கத்திரி

படத்தில் பத்திரிகை ஆசிரியர் கோர்ட்டில் நின்று, அச்சடித்ததை வாபஸ் வாங்க மாட்டேன் என்று பேசுவார். படத்துக்கே உயிர் அதுதான். முதல் நாள் கைதட்டலில் கொட்டகை அதிர்ந்தது.

மறுநாள் கொட்டகைக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அந்த சீனை எடுக்காவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்றார். கொட்டகையை விட்டால் முதலாளிக்கு வேறு பிழைப்பு கிடையாது, எனக்கும்தான். பிலிமில் அந்தத் துண்டை வெட்டி, பிஸ்கட் டின்னில் போட்டேன். முதலாளி எட்டிப் பார்த்தார். "பத்திரமா வையிபா, ரொம்ப நல்லா பேசிக்கினு இருந்தாரு."

பாட்டுப் புஸ்தகம்

வாசலில் விற்ற பாட்டுப் புஸ்தகத்தில் கதைச் சுருக்கம் வழக்கம்போலப் பாதியில் நிற்கும். 'கோர்ட்டில் ஆசிரியர் என்ன சொன்னார்? மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

படம் விட்டதும் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் அந்தப் புஸ்தகத்தோடு என் காபினுக்கே வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபமே இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். "பொஸ்தகம் தெரையில பாருன்னுது, தெரையில ஒண்ணியும் காணோம். மீதிய எங்கபா போய்ப் பாக்கறது?"

ஒட்டு

அடுத்த நாள் அவர் தெருவையே கூட்டிவந்தார். இல்லாத சீனைப் பார்க்க அவ்வளவு கூட்டம். சேதி கேட்டு அதிகாரியும் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

திரையில் ஆசிரியர் கோர்ட் படியேறினார். அடுத்த நொடி ஜெயில் கம்பிக்குப் பின்னால் நின்றார். தரை டிக்கெட்டில் இருந்த தறிக்காரர் பக்கத்து ஆளிடம் நிதானமாகக் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது: "இன்னாபா, விசாரிக்காமயே உள்ள போட்டுட்டாங்க? வெள்ளக்காரன் காலத்துக் கதைன்னாங்க, இது இப்ப நடக்கறதாச்சே?"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. ரீல் மாற்ற விளக்குப் போட்டதும் அதிகாரி காபினுக்கு வந்தார். லைசென்ஸ் தொலைந்தது என்று முதலாளி கையைப் பிசைந்தார். அதிகாரி தரையைப் பார்த்தபடி கேட்டார், "அந்தத் துண்டு இருக்குதாபா? ரெண்டாவது ஆட்டத்துக்குள்ள ஒட்டிடு. விசாரிச்ச மாதிரியாவது இருக்கட்டும்."

பத்திரிகைச் சுதந்திரத்தைப் பசை தடவி ஒட்டியவன், அதுவும் மேலிடத்து உத்தரவின்பேரில் ஒட்டியவன், காஞ்சிபுரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.