கடல் இடப்பக்கம், நட்சத்திரம் எதிரே

கல்யாண போட்டோ எடுப்பவனுக்கு மாப்பிள்ளையின் தாய்மாமனைத் தவிர வேறு யாரிடமும் பயம் கிடையாது. வானத்தைப் போட்டோ எடுக்கக் கிளம்பியவனுக்கு நாயிலிருந்து கடல்வரை எல்லாமே பயம். ட்ரைபாடும் கையுமாக இருட்டைத் தேடி அலையும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஆரஞ்சு வானம்

எனக்குச் சிதம்பரத்தில் ஸ்டூடியோ. ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கொத்தின் மேல் எப்படியோ ஆசை வந்துவிட்டது. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்டு கிடக்கும். வெறும் கண்ணுக்கு ஒரு பஞ்சுப் பிசிறு, அவ்வளவுதான். கோடையில் தெற்கே தாழ்வாகத் தெரியும்.

முதல் முயற்சி கடலூரில், மாமனார் வீட்டு மொட்டை மாடியில். தெற்கே செம்மங்குப்பம் ஆலைகள் இருப்பதை மறந்துவிட்டேன். படம் முழுக்க ஆரஞ்சு நிறம், ஒரு நட்சத்திரம்கூட இல்லை. மறுநாள் கல்யாண ஆர்டர் வேறு. கேமரா போய்விட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மைத்துனன் செல்வம் எட்டிப் பார்த்தான்.

“கேமராவுக்கு ஒண்ணும் ஆவல மாமா. கம்பெனி லைட்டை சூப்பரா எடுத்திருக்கீங்க.”

கீல் பலகை

பூமி சுற்றுவதால், கேமராவின் ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே படத்தில் நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும். அதற்காகத் தச்சரிடம் சொல்லி இரண்டு பலகைகளைக் கீல் போட்டு இணைத்தேன். மேலே கேமரா, கீழே ஒரு போல்ட். அதை ஒரே சீராகத் திருகிக்கொண்டே இருந்தால் கேமராவும் வானத்தோடு நகரும். கையை மட்டும் எடுக்கக் கூடாது.

இருட்டுக்காக நானும் செல்வமும் கிள்ளைக் கடற்கரைக்குப் போனோம். தெற்கே பார்த்து நின்றால் கடல் இடப்பக்கம். சுனாமி வந்த வாரம் அடையாளம் தெரியாத உடல்களைப் படமெடுக்க இதே கரைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அலை சற்றுப் பெரிதாக இரைந்தாலே என் கால் தானாக ஓடும். அந்த ராத்திரியும் ஓடியது. திரும்பி வந்து திருகுவேன், மறுபடி ஓடுவேன். எல்லாப் படத்திலும் கோடு.

“நட்சத்திரம் எங்கயும் போவல மாமா. நீங்கதான் போறீங்க.”

அஞ்சலை

அடுத்த முறை, கரையோரத் தெருவிலிருந்து ஒரு பெண் டார்ச்சோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். எனக்கும் அடையாளம் தெரிந்தது. அஞ்சலை. சுனாமியில் போன புருஷனை என் படத்தில்தான் அடையாளம் கண்டவர்.

“போட்டோக்காரரே, மறுபடியும் கடல் வருதா?” என்றார். அதற்குள் அவர் பின்னால் வந்த தெருக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுவிட்டார்கள். நட்சத்திரம், வெறும் நட்சத்திரம் என்று செல்வம்தான் மேலே கையைக் காட்டிக் கெஞ்சினான். மற்றவர்கள் முணுமுணுத்தபடி திரும்பினார்கள். அஞ்சலை போகவில்லை. போல்ட்டின் மேல் நடுங்கிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். பிறகு எனக்கும் கடலுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தார்.

“நீங்க திருகுங்க. கடலை நான் பாத்துக்கிறேன்.”

திரையில்

அன்று நான் ஓடவில்லை. படத்தின் நடுவில் மின்னும் குவியல், சுற்றிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். கேமராத் திரையை அஞ்சலையிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

“இதுல நான் யாரையும் அடையாளம் காட்ட வேணாமே?”

ஸ்டூடியோவில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் நட்சத்திரங்கள் கொஞ்சம் முட்டை வடிவத்தில் இருப்பதற்குத் தச்சரைக் குறை சொல்லாதீர்கள், பலகை நன்றாகத்தான் இருந்தது.