மீட்டிங் முடியட்டும்

கீழ்த்தளத்தில் டாக்டர் கட்டைவிரலால் அழுத்திய குழி, லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வந்து நின்ற பிறகும் அந்தக் காலில் அப்படியே இருந்தது, பிசைந்த மாவில் விரல் பதிந்தது போல. நான் இரண்டு தண்ணீர் கேன்களோடு மூலையில் ஒதுங்கி நின்றிருந்தேன். லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, காக்கி பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, யாருடைய காலையோ பார்ப்பவர் போல அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் குனிந்து தன் கைப்பேசியில் அதைப் படம் எடுத்தார்.

"மூஞ்சி வராதே சார்?"

"வராது. கால் மட்டும்தான். பேரும் வராது."

"அப்போ நல்லா எடுங்க சார். நான்தான் பேர் வாங்கல, காலாவது வாங்கட்டும்."

டாக்டர் சிரித்தார். கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே கால் வைத்தவர், திரும்பி நின்று சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அடுத்த மாசம் இங்க நடக்குற மீட்டிங்ல இந்தப் படத்தையும் உங்க ரிப்போர்ட்டையும் காட்டப்போறேன். பெரிய பெரிய டாக்டருங்க பார்ப்பாங்க. வெளிநாட்டுல இருந்துகூட ஸ்கிரீன்ல வர்றாங்க. ஆனா நீங்க அதுக்குள்ள கையில அந்தச் சின்ன ஆபரேஷனைப் பண்ணிடணும். கிட்னி ரொம்ப நாள் தாங்காது, டயாலிசிஸுக்கு நரம்பு தயாராக நாளாகும். தள்ளிப்போடாதீங்க." லிஃப்ட்காரர் முதல் பாதியை எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதியை அங்கேயே விட்டுவிட்டார்.

நான் அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் கூட்ட அரங்கில் அட்டெண்டர். ராஜா அண்ணாமலைபுரத்தில் பழைய கட்டடம். அரங்கு மருத்துவர் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமானது. சர்க்கரை, குடல், ஈரல், சிறுநீரகம் என்று மாதத்துக்கு இரண்டு மூன்று கூட்டங்கள் நடக்கும். பாதிப் பேர் நேரில் வருவார்கள், பாதிப் பேர் திரையில் வருவார்கள். நாற்காலி போடுவது, தண்ணீர் வைப்பது, டீ கொண்டுபோவது, வரப்போகும் கூட்டங்களின் பட்டியலைக் கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டுவது என் வேலை. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஆங்கிலத்தில் தேதியும் கிழமையும் தெரியும். கிட்னி என்ற எழுத்துகளின் உருவம் தெரியும். அதற்கு மேல் தெரியாது. யாரிடமும் போய்ப் பேசுகிற சுபாவமும் இல்லை. டீ வேண்டுமா என்று கேட்பதற்குப் பதிலாகக் கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்தக் கட்டடத்தில் என்னோடு பேசிய ஒரே ஆள் லிஃப்ட்காரர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். உறவு ஒன்றும் கிடையாது. "இவன் வாயத் தொறந்தா கொசு பூந்துடும்னு பயந்துகினு கீறான்" என்று லிஃப்டில் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் ஒரு நாள் அவர் லீவு போட்டால் அந்தக் கேலி இல்லாமல் என்னவோ போல இருக்கும். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் அவர் வீடு. அவரும், நான் அத்தை என்று கூப்பிடும் அவர் மனைவியும் மட்டும்தான். சர்க்கரை அவருக்குப் பழைய சொத்து. "எங்கப்பன் எனுக்கு வுட்டுட்டுப் போன ஒரே ஆஸ்தி" என்பார்.

படம் எடுத்த அன்று சாயங்காலமே என்னிடம் வந்து கேட்டார். "மாப்ள, அந்த மீட்டிங்கு என்னிக்குப் போட்டுக்கீறாங்க, பாத்துச் சொல்லு."

கண்ணாடிப் பெட்டிக்குள் நாலாவது வரி. தேதி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "ரைட்டு. மீட்டிங் முடியட்டும். அப்பால ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாம்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். ஆற்றோரத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் வருவார்கள். பேப்பர் நீட்டுவார்கள். மீட்டிங் இருக்கிறது என்பார்கள். ஒரு தடவை எதிர் வரிசைக்காரர்கள் மீட்டிங்குக்கு முன்னாலேயே கைநாட்டு வைத்துவிட்டார்கள். மறுநாள் லாரி வந்தது. பாத்திரம் பண்டம், கட்டில், கோழிக்கூண்டு எல்லாவற்றையும் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். கைநாட்டு வைக்காதவர்களின் மீட்டிங் தள்ளிப்போனது, திரும்பத் தள்ளிப்போனது, அவர்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள். "மீட்டிங்கு முன்னாடி எந்தப் பேப்பர்லயும் கை வெக்காத மாப்ள. இது எங்க தெருவுல கொயந்தைக்குக்கூடத் தெரியும்." ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டார்களாம். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அந்த அரங்கில் ஒன்பது வருஷம் டீ கொடுத்திருந்தேன். பேச்சு புரியாவிட்டாலும் அங்கே என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். யாருடைய காலோ, யாருடைய குடலோ, யாருடைய ரத்தக் கணக்கோ திரையில் வரும். பேசுவார்கள். கை தட்டுவார்கள். அடுத்த படம் வரும். ஒருநாளாவது யாருக்காவது அங்கே மருந்து எழுதியோ, முடிவு சொல்லியோ நான் பார்த்ததில்லை. அது படிப்பவர்கள் இன்னும் படிக்கிற இடம். நோயாளிக்கான இடம் இல்லை. இது எனக்குத் தெரியும்.

ஆனால் அவர் தினம் என்னிடம் வந்து கேட்டார். எத்தனை டாக்டர் வருவார்கள்? வெளிநாட்டுக்காரர் தமிழ் பேசுவாரா? புது மாத்திரை ஏதும் கொடுப்பார்களா? என் வாழ்நாளில் யாரும் என்னிடம் வந்து ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தவன் போல இருக்கப் பிடித்திருந்தது. "குடுப்பாங்க மாமா" என்றேன். "நெறைய பேர் வருவாங்க மாமா" என்றேன். உள்ளதைச் சொன்னால் அவர் மறுநாள் என்னிடம் வந்து நிற்க மாட்டார். அதனால் சொல்லவில்லை. கூச்சம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கூச்சம் பாதிதான்.

தேதி நெருங்கியபோது கூட்டம் மூன்று வாரம் தள்ளிப்போனது. பேச வேண்டிய வெளிநாட்டு டாக்டருக்கு அன்றைக்கு வசதிப்படவில்லையாம். ஆபீஸில் கொடுத்த புதுத் தாளைப் பழைய தாளின் மேல் ஒட்டிவிட்டு, எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றேன். அவர் சந்தோஷப்பட்டார். "தள்ளிப்போச்சா? தள்ளிப்போனா நம்ம பக்கம் ஸ்ட்ராங்கு கீதுன்னு அர்த்தம் மாப்ள" என்று என் முதுகில் தட்டினார். அந்தக் கை கனமாக, நீர் கோத்து, இட்லி மாதிரி இருந்தது.

அந்த மூன்று வாரம்தான் அவரைத் தின்றது. சோறு வாயில் வைத்தால் இரும்பு ருசிக்கிறது என்றார். உடம்பெல்லாம் அரிப்பு. லிஃப்ட் காலியாக இருக்கும்போது கம்பிக் கதவில் முதுகை வைத்து மாடு தேய்ப்பது போலத் தேய்ப்பார். சட்டைக்குப் பின்னால் ரத்தக் கோடுகள் இருக்கும். மூச்சில் மூத்திர நெடி அடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் குடல் கூட்டத்துக்கு வந்த இரண்டு இளம் டாக்டர்கள் லிஃப்டில் ஏறினார்கள். ஒருவர் மூக்கைச் சுருக்கி மற்றவரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மற்றவர் மெல்ல மோந்து பார்த்துவிட்டு, விடை சரி என்பது போலத் தலையாட்டினார். வாசனையை வைத்தே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு இறங்கிப் போனார்கள். மாமா அவர்களுக்குக் கதவு திறந்துவிட்டு, "பெரிய படிப்பு படிச்ச புள்ளைங்க" என்றார் என்னிடம், பெருமையாக.

அவருடைய டாக்டர் இன்னொரு முறை கேட்டார். "ஆபரேஷன் பண்ணியாச்சா?"

"நீங்க மீட்டிங்க முடிங்க சார். நான் உடனே போய்ப் படுத்துக்கிறேன்."

"என் மீட்டிங்குக்கும் உங்க கைக்கும் என்னங்க சம்பந்தம்? அது வேற, இது வேற. நாளைக்கே போங்க."

டாக்டர் இறங்கிய பிறகு மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆபீசருங்களும் இதே டயலாக்குதான் சொல்வாங்க. மீட்டிங்கு வேற, கையெய்த்து வேறன்னுட்டு. நாம ஏமாறக்கூடாது." நான் காலித் தண்ணீர் கேன்களோடு அங்கேதான் இருந்தேன். டாக்டர் சொல்வது நிஜம் மாமா என்று ஒரு வரி. லிஃப்ட் தரைத்தளம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் பத்துத் தடவை சொல்லியிருக்கலாம். கேன்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் அத்தையும் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அத்தை தலையில் பூ வைத்திருந்தார். அரங்கின் கடைசியில், டீ மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை யாரும் பார்க்காதபடி போட்டு உட்கார வைத்தேன். இரண்டாவதாக அவருடைய கால் வந்தது. சுவர் அகலத்துக்குக் கால். நடுவில் குழி. "என் காலு" என்று அத்தையை இடித்தார். அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கும்பிட்டார். அப்புறம் எண்கள், கோடுகள், டாக்டர் பேச்சு. கடைசியில் ஒரு கேள்வியும் நாலு விடைகளும் திரையில் வந்தன. எல்லோரும் கைப்பேசியில் ஓட்டுப் போட்டார்கள். அந்த நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒருவர் மைக்கைப் பிடித்து ஏதோ சொன்னார். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. திரையில் இருந்த வெள்ளைக்காரரும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று மாமாவும் சிரித்தார், தோள் குலுங்க. பிறகு கை தட்டினார்கள், ஈரல் படம் வந்துவிட்டது. மொத்தம் பதினோரு நிமிஷம்.

அந்தச் சிரிப்பு என்ன என்று பிறகு திரை இயக்குபவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த நோயாளி காரணமே இல்லாமல் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்வரிசைக்காரர், "நாம ஓட்டுப் போட்டு முடிக்கணும்னு காத்துக்கிட்டிருக்காரோ என்னவோ" என்றாராம்.

அன்றைக்கு எனக்கு அது தெரியாது. மாமா எழுந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க என்னைக் கேட்டார். "இன்னா மாப்ள, இன்னா முடிவாச்சு?" அத்தையும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய டாக்டர் முன்வரிசையில் யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பதடி தூரம். போய்க் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார், நல்ல மனிதர்தான். அத்தனை கோட்டுகளுக்கு நடுவில் நடந்துபோக எனக்குக் கால் வரவில்லை.

"அடுத்த மீட்டிங்ல சொல்வாங்களாம் மாமா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "பாத்தியா? நான் சொல்லல?" என்றார் அத்தையிடம்.

அந்த வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. இயந்திரம் பழுதாகவில்லை, பொத்தானை அழுத்திப் பிடித்திருந்த கை விழுந்துவிட்டது. நுரையீரலில் நீர். ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுத்தில் குழாய் போட வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றார்கள். அத்தை பேப்பரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா. வெக்கலாமா? மீட்டிங்கு முடியலையே?" "வைங்க அத்தை" என்று கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அத்தை கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். மாமா சனிக்கிழமை விடியுமுன் போய்விட்டார்.

அந்த வருஷமே ஆற்றோரத்து வீடுகள் போயின. அத்தை இந்த முறை எந்த மீட்டிங்குக்கும் காத்திருக்கவில்லை. முதல் ஆளாகக் கைநாட்டு வைத்துவிட்டு லாரியில் ஏறினார் என்று கேள்விப்பட்டேன். நாலு வருஷம் கழித்து, போன மாதம்தான், அந்தப் புது இடத்துக்குப் போனேன். மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது. போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிவரியாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒற்றை அறை. அத்தை இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கடைசி வரிக்கும் கூட நின்ன புள்ள" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் அறிமுகம் செய்தார்.

அந்தம்மா போகும் வரை காத்திருந்து சொன்னேன். "அத்தை, அந்த மீட்டிங்ல ஒண்ணும் முடிவு பண்ண மாட்டாங்க. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

அத்தை சிரித்துவிட்டார். "உனுக்கா? உனுக்கு இன்னாடா தெரியும், அஞ்சாங்கிளாஸு. அவ்ளோ படிச்ச டாக்டருக்கே அவுரு ஏன் வரலன்னு தெரியல. நீ டீ குடுக்கற ஆளு. சும்மா மனசப் போட்டுக் கொயப்பிக்காத. சாப்ட்டுப் போ."

தெரியும் அத்தை என்று இரண்டாவது முறை சொல்லியிருக்க வேண்டும். அவர் தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, நடுவில் மீன் துண்டை வைத்தார். குனிந்து சாப்பிட்டேன். போதுமா என்று கேட்டபோது, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.