கர்னலின் வெள்ளைச் சட்டை

மூன்றாவது முறையாக பானட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அப்பா. கையில் உப்புத்தாள். அப்பா தேய்க்கவில்லை, தடவினார்.

"அழுத்தித் தேய்ங்கப்பா."

"மெதுவாம்மா. கர்னலுக்கு வலிக்கும்."

அப்பா பலராமனுக்கு மரக்காணத்தில் உப்பளம். ராணுவத்தில் இருந்ததில்லை. கர்னல் என்பது எங்கள் அம்பாசிடர். வாங்கும்போது அது மஞ்சள். உப்புக்காற்றில் பெயிண்ட் உரிந்த இடத்தில் ராணுவப் பச்சை எட்டிப் பார்த்தது. அப்பா வண்டியின் பழைய காகிதங்களைக் கிளறினார். ராணுவம் ஏலத்தில் கழித்த வண்டிதான். அதில் போனவர் கர்னல் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. பதவியை அப்பாவே கொடுத்தார். மறுவாரம் முழு வண்டியும் பச்சை.

அதன்பின் பின்சீட்டின் இடது ஓரத்தில் யாரும் உட்காரக் கூடாது, அது அந்தக் கர்னலின் இடம். ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு முன்சீட்டில் நசுங்கிய அம்மா கேட்டாள்: "உங்க ஆபீசரு வந்து தாலி எடுத்துக் குடுக்கப் போறாரா?"

"ஞானாம்பா, மெதுவா பேசு. கேக்குது."

பதிவைப் புதுப்பிக்கப் போனபோது ஆய்வாளர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இந்தக் கலர்ல தனியார் வண்டி ஓட்டக் கூடாதுங்க. வெள்ள அடிச்சு இருவதாம் தேதி கொண்டாங்க. இல்லன்னா காயலாங்கடைதான்." அப்பா அன்று சாப்பிடவில்லை.

தானே வெள்ளையடித்தார், பின்பக்க இடது கதவை மட்டும் கடைசிக்கு விட்டுவிட்டு. பனி விழுமே என்று, உப்புக் குவியலை மூடும் தார்ப்பாயை எடுத்து வந்து ஈரப் பெயிண்டின்மேல் போர்த்தினார். காலையில் கார் முழுக்கப் பரல் பரலாக உப்பு. உப்பு வாரும் மங்கம்மா நின்று பார்த்தாள்.

"இன்னா மொதலாளி, கர்னல கருவாடு போட்டுட்டீங்க?"

"வெள்ள மேல வெள்ளதான? எவனுக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரிந்தது. கார் ஆலையில் பெயிண்டின் தரம் பார்ப்பது என் வேலை. லீவு போட்டு வந்தேன். இரண்டு நாள் தேய்த்தோம், ஒரு நாள் அடித்தோம். ஞாயிறு மாலை பின்பக்க இடது கதவு மட்டும் பாக்கி.

"அத நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு" என்றார். "அவரு கிட்ட ஒரு வார்த்த சொல்லாம சட்டைய கழட்டக் கூடாதும்மா."

புதன்கிழமை உப்புப் பாத்தியிலிருந்து வந்து தண்ணீர் கேட்டார். அம்மா செம்போடு வருவதற்குள் போய்விட்டார். மாரடைப்பு. வயது அறுபத்துமூன்று.

நாளை இருபதாம் தேதி. மூன்று கதவுகள் வெள்ளை, ஒன்று பச்சை. அதன் கைப்பிடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார். தரையில் பெயிண்ட் டப்பா, மூடி திறக்கவில்லை. அந்தக் கதவின் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி வைத்திருக்கிறார், பெயிண்ட் நாற்றத்தில் உள்ளே மூச்சு முட்டாமலிருக்க.