கஞ்சி பூசிய முகம்

‘இயற்கை’ என்று பச்சை எழுத்தில் போட்ட டப்பா எதைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். போன மாதம் மருமகள் அப்படி ஒன்றை வாங்கிவந்து கண்ணாடி முன்னால் வைத்தாள். வறண்ட தோலுக்காம், தொட்டாலே சிவந்துபோகிற தோலுக்காம். ரசாயனம் ஒன்றும் கிடையாதாம். “சாணியும் இயற்கைதானேம்மா” என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. பாவம், நல்ல எண்ணத்தில்தான் வாங்கினாள். ஆனால் நல்ல எண்ணத்தில் என் மேல் பூசப்பட்டதையெல்லாம் அவள் முகர்ந்து பார்த்ததில்லையே.

நகரியில் எங்கள் தெரு முழுக்கத் தறி. எனக்குப் பிறந்ததிலிருந்தே தோல் சரியில்லை. மார்கழிப் பனி இறங்கினால் கன்னத்தில் செதில் செதிலாக வெள்ளை எழும்பும். கழுத்திலும் கை மடிப்பிலும் வெடிக்கும், சொறிந்தால் ரத்தம் கசியும். சீயக்காய் பட்டால் எரியும், புதுத்துணி பட்டால் அரிக்கும். பெரியவளாகும்வரை அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் ஒருத்தி சொறிந்துகொண்டிருப்பது ஒரு விஷயமா?

கல்யாணப் பேச்சு வந்ததும்தான் என் தோல் குடும்பத்துக் கவலையாகிவிட்டது. ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் எந்தப் பக்கம் நிற்கும் என்று டீக்கடையிலும் பஸ்ஸிலும் எப்போதும் அதே பேச்சு. திருத்தணி மதராஸோடு போய்விடும், நகரி ஆந்திராவிலேயே நின்றுவிடும் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அதில் ஒரே பயம்தான். “கோடு போட்டுட்டாங்கன்னா அந்தப் பக்கத்துலருந்து எவன் வந்து பொண்ணு கேப்பான்? அதுக்குள்ள முடிச்சுடணும்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். திருத்தணியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம், தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியது. ஒரு தலைமுறைக்கு முன்னால் அவர்களும் தறிக்காரர்கள்தான்.

தைக்கு முந்தியது மார்கழி. என் தோலுக்கு அதைவிடக் கெட்ட மாதம் கிடையாது. நைனா கவலைப்பட்டு, திருப்பதியில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தைக்கு ஆள் அனுப்பினார். அவருடைய அக்கா. கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டியில் புடவை குறைவு. பூலாங்கிழங்கு, கார்போகரிசி, கஸ்தூரி மஞ்சள், இன்னும் பேர் தெரியாத வேர்கள் நிறைய. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, “ஒசே அம்மாயி, இது இன்னாடி மூஞ்சி, பல்லி தோல் உரிச்ச மாதிரி?” என்றாள், தெலுங்கும் தமிழும் கலந்து. அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள்.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது நாற்றம்தான். முதல் வாரம் விளக்கெண்ணெய். தலை முதல் கால்வரை பூசி, கூடத்து மூலையில் கோணிமேல் உட்காரவைத்துவிடுவாள். மழைக்காலத்து ஈரத்தில் அது காயவும் காயாது, உள்ளே போகவும் போகாது. தறியிலிருந்து பறக்கிற நூல் பிசிறெல்லாம் என்மேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பச்சைப்பயற்று மாவு. எண்ணெய் போக வேண்டுமென்று அதைப் போட்டு அவள் தேய்க்கிற தேய்ப்பில் பாத்திரமானால் பளபளத்திருக்கும். எனக்கு வெடிப்பெல்லாம் வாய் திறந்தது.

மாவு ஆகவில்லை என்றதும் ஆட்டுப்பால். பாலைத் துணியில் நனைத்து முகத்தில் போட்டுப் படுக்கவைத்தாள். சற்று நேரத்தில் அது புளித்துக் காதுக்குள் வழிந்தது, ஈ வந்து மொய்த்தது, விரட்டக் கையைத் தூக்கினால் “அசையாதடி, சாறு இறங்கிக்கினு இருக்குது” என்று அதட்டல். கத்தாழையைக் கீறி வழவழவென்று தொங்குகிற சோற்றை மார்பிலும் முதுகிலும் அப்பினாள். அடுத்த வீட்டில் எருமை கன்று போட்டது என் கெட்ட நேரம். சீம்பாலைத் தின்ன வேண்டியதுதானே, அதையும் வாங்கிவந்து எனக்குப் பூசினாள். அந்த வாடையில் தெருநாய் ஒன்று வாசலிலேயே படுத்துக்கிடந்தது. நான் வாந்தியெடுத்தேன். “பித்தம் வெளிய வருது, நல்லதுதான்” என்றாள் அத்தை.

கோமியத்தைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் இன்றைக்குச் சாப்பிட முடியாது.

இத்தனைக்கும் பயன் என்ன? கன்னம் சிவந்து தடித்ததுதான் பயன். பழைய வெள்ளைச் செதிலாவது அரிக்கத்தான் செய்தது. இது எரிந்தது. ஆனாலும் ஒன்று சரிப்படவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்தது எது என்றுதான் கேட்டார்கள்.

அடுத்தது கஞ்சி. நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலைத் தெருவில் நீளமாகக் கட்டி, புளித்த அரிசிக் கஞ்சியில் எண்ணெய் கலந்து பூசி, நாரால் கட்டிய பெரிய பிரஷ்ஷால் இழுத்து விடுவோம். பிசிறு பிசிறாக இருந்த நூல் வழுவழுவென்று ஆகிவிடும். அந்தக் காலத்தில் பாவு முடிந்ததும் மிச்சக் கஞ்சியைப் பெண்கள் குதிகால் வெடிப்பில் தடவிக்கொள்வதும் உண்டு. அத்தைக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. “நூலுக்கு நல்லதுன்னா தோலுக்கும் நல்லதுதானே? வூட்லயே மருந்தை வெச்சிக்கினு நான் ஊரெல்லாம் தேடிக்கினு இருக்கேன்!” என்று சிரித்தாள்.

மழையால் பாவு கட்ட முடியாமல் பின்கட்டில் ஒரு பானைக் கஞ்சி காத்திருந்தது. அப்படிக் காத்திருக்கிற கஞ்சியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மயில்துத்தம் என்கிற நீல நச்சு உப்பை அரைத்துக் கலப்பது, அத்தை கல்யாணமாகித் திருப்பதி போன பிறகு எங்கள் தெருவில் வந்த பழக்கம். அவள் புகுந்த வீட்டில் தறி கிடையாது. இந்தப் பானையிலும் துத்தம் கலந்தாகிவிட்டது என்பது எனக்கும் தெரியாது; கலந்த அம்மா அப்போது நூல் வாங்க நைனாவோடு போயிருந்தாள். இருட்டுப் பின்கட்டில் பானையைத் திறந்து பார்த்த அத்தை, “இத்தினி நாளாகியும் ஒரு புழு இல்ல பாரு, எவ்ளோ சுத்தம்!” என்று மெச்சினாள். நானும் எதையாவது பூசித் தொலையட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கஞ்சி காயக் காய முகம் இறுகியது. வாயைத் திறப்பதே கஷ்டமானது. அப்புறம் ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் மிளகாயை அரைத்து வைத்ததுபோல எரிய ஆரம்பித்தது. நான் கத்தினேன். மருந்து வேலை செய்கிறது என்று சொல்லி அத்தை என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா திரும்பிவந்து பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராத அம்மா, “கைய எடுங்க!” என்று போட்ட கூச்சலில் தெருவில் தறிச்சத்தம் நின்றுபோனது. கிணற்றடிக்கு என்னை இழுத்துக்கொண்டுபோய்க் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

அத்தையின் பெட்டியை அம்மா அதற்குப் பிறகு திறக்கவிடவில்லை. வெண்ணெயைத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் கழுவி, மோர் வாடையே இல்லாமல் செய்து, புண்ணில் பஞ்சால் ஒற்றினாள். விரலால் தொடமாட்டாள். அவள் கை அப்படி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கஞ்சியிலும் சாயத்திலும் கிடந்த கை, உள்ளங்கை முழுக்கக் கறுத்த கோடாக வெடித்திருக்கும். விரல் நுனியில் தோல் சுருண்டு நிற்கும். அது பட்டால் எனக்குக் கீறிவிடும் என்றுதான் பஞ்சு. என் தோல் அவளிடமிருந்து வந்தது என்பது யார் பார்த்தாலும் தெரியும். அவளுக்கு ஒருத்தரும் பூலாங்கிழங்கு கொண்டுவரவில்லை. அவளைப் பெண் பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை அல்லவா.

புண் ஆறியதும் அவள் செய்தது இவ்வளவுதான். மாவு இல்லை, சீயக்காய் இல்லை, தேய்ப்பு இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஈரம் காயும் முன்னால் இரண்டு சொட்டு நல்லெண்ணெய். பொங்கல் கழிந்தபோது என் கன்னம் முதல்முறையாக எரியாமல் இருந்தது. அத்தை மட்டும், கஞ்சி பழந்தோலை உரித்ததால்தான் புதுத்தோல் வந்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

திருத்தணிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி எனக்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. அவருடைய அம்மா பட்டுப்புடவை சரசரக்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகத்தை உற்றுப் பார்த்தாள். பவுடர் பூசியிருக்கிறதா என்று சந்தேகம் போலிருக்கிறது. கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைத்து, என் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தாள். வெற்றிலைச் சாறு கலந்த எச்சில். சூடாக இருந்தது. எருமைச் சீம்பால்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை. விரலைத் திருப்பிப் பார்த்து, வெள்ளை ஒன்றும் இல்லை என்று கண்டு, அதை என் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள். “மூஞ்சி நல்லாத்தான் கீது” என்று சிரித்தாள். நைனாவுக்கு உயிர் வந்தது.

அம்மா காபி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கப்போன அந்த அம்மாள், அம்மாவின் விரல்களைப் பார்த்ததும் நெருப்பைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். முகம் சுளித்தது.

“இன்னாங்க இது? தொத்து வியாதியா?”

“கஞ்சிக் கைங்க” என்றாள் அம்மா, மெதுவாக.

அத்தை குறுக்கே விழுந்தாள். “அது அவ வாகுங்க. பொண்ணு எங்க பக்கம், எங்க ரத்தம். பயப்படாதீங்க.”

“தப்பா நெனச்சுக்காதீங்க சம்மந்தி. எனக்கு வவுறு பொரட்டுது. பொண்ணு கையாலயே குடுக்கச் சொல்லுங்க, குடிக்கிறேன்” என்று அவள் நைனாவைப் பார்த்துச் சொன்னாள். சம்மந்தி என்று சொல்லிவிட்டாள். அப்படியென்றால் முடிந்ததுபோலத்தான். நான் அந்த டம்ளரை வாங்கி அவளிடம் கொடுக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அத்தை அம்மாவின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். நைனா என்னைப் பார்த்து, “குடும்மா” என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

தன் எச்சிலை என் முகத்தில் பூசியவளுக்கு என் அம்மாவின் கை அசிங்கமாம். அவள் கடையில் அடுக்கியிருக்கிற துணியெல்லாம் எப்படி வழுவழுவென்று ஆனது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவள் மாமியார் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நான் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக் குடித்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கடைசிச் சொட்டுவரை குடித்து, காலி டம்ளரை அந்த அம்மாளுக்கு முன்னால் வைத்தேன். பிறகு அவர்கள் எழுந்து போனார்கள். அவர்கள் வாசலைத் தாண்டும்போதே அத்தை தலையில் அடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். நைனா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். அது அத்தையின் கத்தலைவிட வலித்தது.

கிணற்றடியில் கன்னத்தைக் கழுவிக் கழுவி நின்றேன். எவ்வளவு கழுவியும் அந்தச் சூடு போகவில்லை. அம்மா என் பின்னால் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“சக்கர போதுமா இருந்திச்சா?” என்று கேட்டாள்.

“இருந்திச்சும்மா” என்றேன். பதற்றத்தில் அவள் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.