மடியில் வைத்த கால்

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, கிள்ளான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நர்ஸாக இருந்த காலம். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் ஒருவர் ஆறாத கால்புண்ணோடு வந்து படுத்தார். உப்புக் கரைத்த வெந்நீரில் அடிக்கடி ஊறவைத்துக் கழுவ வேண்டும், புண் ஆறாவிட்டால் காலை எடுத்துவிடுவேன் என்று வெள்ளைக்கார டாக்டர் சொல்லிவிட்டார். கால் போனால் தோட்டத்தில் அவருக்கு வேலை ஏது?

கட்டுப் போட டிரஸ்ஸர் இருந்தார். கழுவவைப்பது என் பொறுப்பு. வார்டு நிறைய நோயாளிகள். அதனால் வெந்நீர்ப் பேசினைக் கட்டிலருகே வைத்து, "நீங்களே கழுவுங்கோ" என்றேன். "சரிங்க மிஸ்ஸி" என்றார். நர்ஸ்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் ஆறிப்போயிருக்கும், மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தினமும் இதே கதை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கால் உங்கடையோ, என்ரையோ?" என்று கத்தினேன். அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வந்த மனைவி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. நாங்க என்ன சாதின்னு தெரிஞ்சுதான் நீங்க தொடமாட்டேங்குறீங்கன்னு அவரு நெனச்சுக்கிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கி மடியில் வைத்தேன். "ஐயோ, வேணாம் மிஸ்ஸி" என்று பதறினார். பொய் சொல்வானேன், அந்த நாற்றம் தாங்க முடியவில்லை. ஆனாலும் கழுவி முடிக்கும்வரை காலை விடவில்லை.

"ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் என்னாலை ஏலும். மிச்ச நேரத்துக்கு உங்கட கைதான் வேணும்" என்றேன். அவர் என் கையிலிருந்த பஞ்சை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. வெந்நீர் தாமதமானால் சமையற்கட்டுக்குக் குரல் கொடுப்பார். பக்கத்துக் கட்டில்காரர் தன் புண்ணைக் கழுவச் சோம்பினால், "என்னாண்ணே, மிஸ்ஸிக்கு வேற வேல இல்லியா?" என்று அதட்டுவார். அந்த அதட்டலைக் கேட்க எனக்கு அவ்வளவு பிரியம்.

புண் ஆறிவிட்டது, காலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று, இவ்வளவு ஒழுங்காகக் கழுவவைத்தது எது என்று டிரஸ்ஸர் மூலம் அவரிடம் கேட்டார்.

"மிஸ்ஸி மடியில இருந்த காலுங்க இது. அழுக உட முடியுமா?"

டிரஸ்ஸர் அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். அன்றைக்கு வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.